திரையில் ஏறும் பாடம் மனத்திலும் ஏற வேண்டும்

இரவு பதினொரு மணி. உணவகமொன்றின் பின்கட்டிற் கோப்பை கழுவும் வேலையை முடித்துக்கொண்டு எம்மவர் ஒருவர் கடைசித் தொடருந்தில் ஏறி அமர்கிறார். தஞ்சக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு வரவில்லை. மொழி வகுப்பில் இடமும் கிடைக்கவில்லை. நாற்பது நிமிடப் பயணத்தில் டொச் மொழியில் நாலு சொல்லாவது படித்துவிடலாம் என்று கைத்தொலைபேசியைத் திறக்கிறார். யாரோ ஒரு நல்ல மனத்தவர் தமிழில் எழுதி இணையத்தில் ஏற்றிவைத்த பாடம் திரையில் விரிகிறது. அது கையால் எழுதிய பக்கமொன்றின் நிழற்படம். எழுத்தைப் பெருப்பித்தால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. சிறுப்பித்தால் கண்ணுக்குப் புலப்படவில்லை. விதி முதற் பக்கத்தில் இருக்கிறது. உதாரணம் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு தரிப்பிடங்கள் கடப்பதற்குள் தொலைபேசி சட்டைப் பைக்குட் போய்விடுகிறது. "எனக்கு இந்தப் பாஷை ஏறாது" என்று அவர் தமக்குள் சொல்லிக்கொள்கிறார்.

குற்றம் அவருடைய தலையில் இல்லை. பாடம் வைக்கப்பட்டிருந்த விதத்தில் இருந்தது. ஆயின் இதனை அவருக்கு எடுத்துச் சொல்ல அந்தப் பெட்டியில் எவரும் இல்லை. வகுப்பறையில் விளங்காத பாடத்துக்கு மாணவன் ஆசிரியரைக் குறை கூறுவான். திரையில் விளங்காத பாடத்துக்கு அவன் தன்னையே குறை கூறிக்கொள்கிறான். இணையவழிப் பாடங்களைத் தெளிவாகவும் வாசிக்கத்தக்கனவாகவும் அமைக்க வேண்டும் என்று நாம் இங்கு வலியுறுத்துவது இதனாலேயே. அழகு பற்றிய பேச்சாக இதனை எடுத்துக்கொள்ளலாகாது. அயல்நாட்டிற் காலூன்ற முயலும் ஒருவர் படிப்பைத் தொடர்வாரா, கைவிடுவாரா என்பது பற்றிய பேச்சு இது.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொரோனாத் தொற்றினால் ஐரோப்பிய நாடுகளிலும் கனடாவிலும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எமது வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளும் திரைக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. கரும்பலகையும் வெண்கட்டியுமே அறிந்திருந்த ஆசிரியைகள் பலர், தம் பிள்ளைகளிடமே கேட்டுப் பழகிக் கணினி முன் அமர்ந்து வகுப்பு நடத்தினர். சம்பளம் எதிர்பாராத அந்தத் தொண்டை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயின் அவசரத்திற் செய்தது பின்னர் வழக்கமாகிவிட்டது. அச்சுப் புத்தகத்தின் பக்கங்கள் அப்படியே படமாக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பப்பட்டன. வகுப்புகள் மண்டபங்களுக்குத் திரும்பிய பின்னரும் அந்தப் படங்களே வீட்டுப்பாடமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் திறந்து வாசிக்க முடியாத பிள்ளைக்குத் தமிழ் ஒரு தண்டனையாகத் தோன்றுமாயின், பிள்ளையை மட்டும் நோவதில் நியாயமில்லை.

முன்னோர் அறிந்த கலை

விளங்க வைப்பது எமக்குப் புதிய கலையன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்குரிய அழகுகள் பத்து, குற்றங்கள் பத்து என வகுத்து வைத்தது. அழகுகளுள் 'விளங்க வைத்தல்' ஒன்று. குற்றங்களுள் 'மயங்க வைத்தல்' ஒன்று. எடுத்த பொருளை விட்டு வேறொன்றை நீட்டிக்கொண்டு போகும் 'மற்றொன்று விரித்தல்' என்பதும் குற்றமே. இன்று இணையத்திற் காணும் பாடங்கள் பலவற்றை இந்த மூன்றைக் கொண்டே சோதித்துவிடலாம்.

ஏட்டுச்சுவடிக் காலத்திற் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி விடப்படவில்லை. புள்ளி குத்தினால் ஓலை பழுதாகும் என்பதால் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுத்த காலமாதலால் ஏடு அவ்வாறு இருப்பினும் பாதகமில்லை. அச்சு வந்த பின்னரோ, வாசிப்பவர் ஆசிரியரை விட்டுத் தூரத்தில், தனிமையில் அமர்ந்து வாசிக்கத் தொடங்கினார். ஆசிரியரின் குரல் செய்த வேலையைப் பக்கத்தின் அமைப்பே செய்ய வேண்டிய நிலை ஏற்பட்டது.

எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் கண்ணாற் பிரித்தறியும்படி வரிவடிவத்தில் வேறுபாடு செய்தவர் வீரமாமுனிவர் (1680-1747). பிற நாட்டிலிருந்து வந்து தமிழைக் கற்ற அவருக்கு, கற்பவன் எங்கே இடறுவான் என்பது தெரிந்திருந்தது. ஆறுமுக நாவலர் (1822-1879) 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதோடு நிற்கவில்லை. அச்சுக்கூடம் நிறுவினார். பிள்ளைகளின் வயதுக்கும் தரத்துக்கும் ஏற்பப் படிப்படியாக உயரும் பாலபாடங்களை எழுதி வெளியிட்டார். தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளை முறையாகக் கையாண்டு, வாசிப்பவர் எங்கே மூச்சு விட வேண்டும் என்பதையும் காட்டினார். பெரும் புலவரான அவர், சிறு பிள்ளைக்கான சிறு வாக்கியத்தை எழுதுவதைத் தமக்கு இழுக்காகக் கருதவில்லை. வாசிப்பவர் ஆசிரியரை விட்டுத் தூரம் போகும்போதெல்லாம் பாடத்தின் அமைப்பும் மாற வேண்டும் என்பதே இந்த வரலாறு எமக்குத் தரும் படிப்பினை. இன்று அந்தத் தூரம் கடல் கடந்துவிட்டது.

ஆசிரியையின் வேலையைத் திரை செய்ய வேண்டும்

வகுப்பில் ஒரு நல்ல ஆசிரியை என்ன செய்கிறார்? பிள்ளையின் முகம் சுருங்கினால் நிறுத்துகிறார். மீண்டும் ஓர் உதாரணம் சொல்கிறார். முக்கியமான சொல்லின் கீழே கோடிடுகிறார். முடிந்துபோன கணக்கைப் பலகையிலிருந்து அழித்து, அடுத்ததற்கு இடம் விடுகிறார். திரைக்கு முகம் பார்க்கத் தெரியாது. எனவே, இந்த இடத்தில் முகம் சுருங்கும், இந்த இடத்திற் கேள்வி எழும் என்று எழுதுபவரே முன்கூட்டி எண்ணி, அதற்குரிய விடையை அந்த இடத்திலேயே வைக்க வேண்டும்.

மனிதர் ஒரே வேளையில் மனத்திலே தாங்கக்கூடிய புதிய விடயங்கள் மிகச் சிலவே என்பது கல்வி உளவியலில் நிறுவப்பட்ட செய்தி. அவுஸ்திரேலிய அறிஞர் ஜோன் ஸ்வெல்லர் 1988 ஆம் ஆண்டு முதல் எழுதிவந்த ஆய்வுகள் இதனை அடிப்படையாகக் கொண்டவை. ஒன்றோடொன்று சேர்த்து விளங்கிக்கொள்ள வேண்டிய இரண்டு செய்திகளைத் தூரத் தூர வைத்தால், அவற்றை இணைப்பதிலேயே கற்பவரின் மனவலு செலவழிந்துவிடுகிறது, கற்பதற்கு மிச்சமிருப்பதில்லை. தொடக்க நிலையில் உள்ளவர், விதியை வைத்துத் தாமே முட்டி மோதிப் பார்ப்பதிலும், செய்து காட்டிய உதாரணத்தைப் படிப்பதினால் விரைந்து கற்கிறார் என்பதும் அந்த ஆய்வுகளின் முடிவு. கலிபோர்ணியாவின் சாந்தா பார்பராவில் உள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மேயர் செய்த ஆய்வுகளும் இதையொட்டியவையே. சொல்லும் அதற்குரிய படமும் அருகருகே இருந்தாற் கற்றல் மேம்படுகிறது. பாடத்தோடு தொடர்பில்லாத இசை, அலங்காரம், கிளைக்கதை ஆகியன கற்றலைக் குறைக்கின்றன.

எமது வாசகர்களின் நிலையை இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பை எதிர்பார்த்திருப்பவர், வழக்கின் முடிவுக்காக மாதக்கணக்கிற் காத்திருப்பவர், இரண்டு வேலை பார்த்து நாலு மணிநேரம் உறங்குபவர்: இவர்களுடைய மனத்தில் ஏற்கெனவே இடம் குறைவு. அந்தச் சிறிய இடத்தை, எங்கே எதை அழுத்துவது, எந்த வரியிலிருந்து எந்த வரிக்குப் போவது என்ற தேடலால் நிரப்பிவிடுவது பெரும் அநியாயம்.

தமிழ் எழுத்துக்குரிய இடம்

பொதுவான விதிகள் இருக்கின்றன. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008 ஆம் ஆண்டு வெளியிட்ட அணுகல் வழிகாட்டியில், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5 க்கு 1 ஆக இருக்க வேண்டும், எழுத்தை இரு மடங்கு பெருப்பித்தாலும் எதுவும் மறையக் கூடாது என்று கூறப்பட்டுள்ளது. வரிகளுக்கிடையே ஒன்றரை மடங்கு இடைவெளி, 80 எழுத்துகளுக்கு மேற்படாத வரி, இரு ஓரமும் சமமாக இழுத்துப் பிடிக்காத பந்தி என்பனவும் அதன் உயர்ந்த தரத்தில் அடங்கும். இவை எல்லா மொழிக்கும் பொருந்துவன. தமிழுக்கோ இவை மேலும் இன்றியமையாதவை.

ஏனெனில் எமது எழுத்து மேலும் கீழும் வளர்வது. மேலே புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும் நிற்கின்றன. கீழே உகர ஊகாரங்கள் தொங்குகின்றன. ஆங்கில எழுத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் தமிழை நெருக்கினால், மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். எழுத்தைச் சிறிதாக்கினால் முதலில் மறைவது புள்ளி. புள்ளி மறைந்தாற் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். தடித்த எழுத்திற் சுழிகள் அடைபட்டால் 'மணம்' எது, 'மனம்' எது என்று பிள்ளைக்குத் தெரியாது. வீரமாமுனிவர் பிரித்துத் தந்த 'கெ', 'கே' வேறுபாடு மங்கலான நிழற்படத்தில் மீண்டும் ஒன்றாகிவிடுகிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் பொருளை ஊகித்து வாசித்துவிடுவோம். ஒஸ்லோவிலோ ரொறன்ரோவிலோ பிறந்து, வாரத்தில் ஒரு நாள் மட்டும் தமிழெழுத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த ஊகம் எங்கிருந்து வரும்?

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'கற்றுக்கொண்டிருக்கிறார்கள்' என்பது ஒரே சொல். கைத்தொலைபேசியின் குறுகிய திரையில் இத்தகைய சொல் ஒன்றே ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும். இரு ஓரமும் சமமாக இருக்க வேண்டும் என்று கணினிக்குக் கட்டளையிட்டால், எஞ்சிய சொற்களுக்கிடையே வாய்க்கால் வெட்டினாற்போல வெற்றிடம் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும். வலப்பக்கம் ஏறியிறங்குவதனால் எவருக்கும் நட்டமில்லை. பின்னணியில் நல்லூர்க் கோபுரத்தையோ கார்த்திகைப் பூவையோ வைத்து அதன்மேல் எழுத்தை அச்சிடும் ஆசையும் எம்மவரிடம் உண்டு. அவை எமக்கு உயிரானவைதாம். அவற்றுக்குத் தனி இடம் கொடுப்போம். எழுத்தின் முதுகுக்குப் பின்னால் நிறுத்த வேண்டாம்.

எழுத்துருவால் இழந்தவை

தொண்ணூறுகளிற் புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் கணினியிற் தமிழ் எழுதத் தொடங்கியபோது பாமினி போன்ற எழுத்துருக்களே கைகொடுத்தன. ஆயிரக்கணக்கான பக்கங்கள் அவற்றில் எழுதப்பட்டன. ஆயின் அதே எழுத்துரு வாசிப்பவரின் கணினியிலும் இல்லாவிட்டால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளின் குப்பையே தெரியும். ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே, 1991 ஆம் ஆண்டிலேயே, தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. இன்று எந்தக் கைத்தொலைபேசியும் ஒருங்குறித் தமிழைத் தானாகவே காட்டும். இருந்தும் பழைய எழுத்துருவில் எழுதி, அது தெரியாது என்பதாற் படமாக மாற்றி அனுப்பும் பழக்கம் இன்னமும் விட்டபாடில்லை.

படமாகிவிட்ட பாடத்திற் சொல்லைத் தேட முடியாது. ஒரு சொல்லைப் பிரதியெடுத்து அகராதியிற் போட்டுப் பார்க்க முடியாது. பார்வை குன்றியவருக்கு அதனை உரத்து வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு அது வெறும் வெற்றுத்தாள். எழுத்தாக இருந்தால் அம்மம்மா தமக்கு வேண்டிய அளவுக்குப் பெருப்பித்துக்கொள்வார், பேத்தி தனக்கு வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்வாள். வரி தானாக மடிந்து கொடுக்கும்.

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பை மறவாத சமூகம், தன் கையாலே எழுதியதைத் தன் பிள்ளைகள் வாசிக்க முடியாத வடிவில் விட்டுவைக்கலாமா? 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய குறிமுறையில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் தந்தது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பாதுகாக்கும் நூலகத் திட்டம் 2005 இலிருந்து இயங்கி வருகிறது. இரண்டும் தன்னார்வலர்களின் உழைப்பினால் வளர்ந்தவை. தன்னார்வலர்களால் ஒழுங்காகச் செய்ய முடியாது என்ற சாட்டுக்கு இவையே விடை.

புதிய மொழியைத் தமிழிற் சொல்லும்போது

புகலிட நாட்டின் மொழியைத் தமிழ் வழியாகக் கற்பிக்கும் பாடங்களுக்குச் சிறப்பான இடர்கள் உண்டு. முதலாவது உச்சரிப்பு. எமது 'ப' ஒன்றே இரண்டு ஒலிகளைத் தாங்குவது. டொச் மொழியில் 'பக்கென்' என்று தமிழில் எழுதிவிட்டால், அது பொதி கட்டுதலா, வெதுப்பகத்திற் பாண் சுடுதலா? அந்த இரு வினைகளும் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடுவன. தமிழெழுத்தில் உச்சரிப்புத் தருவதை நாம் வேண்டாம் என்று கூறவில்லை. தொடக்கத்தில் அது ஓர் ஊன்றுகோல். ஆயின் அந்நாட்டு எழுத்தும், அருகிலே அழுத்திக் கேட்கத்தக்க ஒலியும் இல்லாமல் ஊன்றுகோலை மட்டும் கொடுத்தால், தவறான ஒலியே நாவில் உறைந்துவிடும்.

இரண்டாவது, விதி சொல்லும் முறை. இப்படி ஒரு விளக்கத்தை எண்ணிப் பாருங்கள்: 'டொச் மொழியின் செய்தி வாக்கியங்களிலே வினைமுற்றானது எழுவாயின் முன்னரோ பின்னரோ வாக்கியத்தின் முதற்கூறாக எது அமையினும் அதனைத் தொடர்ந்து இரண்டாம் கூறாக அமைதல் இன்றியமையாததாகக் கொள்ளப்படுவதாகும்.' தவறு எதுவும் இல்லை. விளங்குவதும் எதுவும் இல்லை. இதனையே இப்படிச் சொல்லலாம்: 'டொச்சில் வினைச்சொல் இரண்டாம் இடத்தில் நிற்கும்.' உடனே கீழே: 'இஃக் ஆர்பைற்ற ஹொய்ற்ற' - நான் இன்று வேலை செய்கிறேன். அதன் கீழே: 'ஹொய்ற்ற ஆர்பைற்ற இஃக்' - இன்று நான் வேலை செய்கிறேன். இரண்டிலும் 'ஆர்பைற்ற' என்ற வினை மட்டும் தடித்த எழுத்தில். தமிழில் வினை கடைசியில் வரும், இங்கே நடுவில் வந்து குந்திக்கொள்ளும் என்று ஒரு வரி. அவ்வளவே. கற்பவர் இரண்டு வரிகளையும் மேலும் கீழும் ஒப்பிட்டுத் தாமே விதியைக் கண்டுகொள்வார். தாமே கண்டது மறக்காது.

மூன்றாவது நிறம். டேர், டீ, டாஸ் என்னும் மூன்று பாலையும் நீலம், சிவப்பு, பச்சை எனக் காட்டுவது நல்ல உத்தியே. ஆயின் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர், குறிப்பாக ஆண்களில், எங்கும் உளர். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவோரும் உளர். நிறத்தோடு சொல்லையும் எழுதிவிட்டால் இரு சாராருக்கும் உதவும்.

திகதி இல்லாத தகவல்

மொழிப்பாடத்தை விட ஆபத்தானது சட்டம் பற்றிய பாடம். யேர்மனியிற் குடியுரிமைக்கு வேண்டிய வதிவுக் காலம் 2024 ஜூன் மாதத்தில் 8 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. அப்போது மொழியிலும் பிறவற்றிலும் சிறந்து விளங்குவோருக்கு 3 ஆண்டிலே கிடைக்கும் வழி ஒன்றும் திறக்கப்பட்டது. 2025 ஒக்ரோபரில் அது மூடப்பட்டுவிட்டது. சுவிற்சர்லாந்தில் 2018 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம் பேச்சில் பி1 தரத்தையும் எழுத்தில் ஏ2 தரத்தையும் கேட்கிறது. பிரான்சிற் குடியுரிமைக்கான மொழித் தரம் 2026 ஜனவரி முதல் பி1 இலிருந்து பி2 ஆக உயர்ந்துள்ளது. இந்த வேகத்தில் மாறும் விடயங்களைப் பற்றி, எப்போது எழுதியது என்ற குறிப்பே இல்லாத பக்கங்கள் எம்மிடையே கைமாறுகின்றன. பழைய பக்கத்தை நம்பி விண்ணப்பித்தவர் பணத்தையும் காலத்தையும் இழக்கிறார். தலைப்பின் கீழே ஒரு திகதி. எந்த நாட்டுக்கு, எந்தச் சட்டத்துக்கு உரியது என்று ஒரு வரி. இதற்கு ஒரு நிமிடம் போதும்.

தேர்வுக்கான பாடங்களும் இவ்வாறே. யேர்மனியக் குடியுரிமைத் தேர்வில் 33 கேள்விகள், 60 நிமிடம், 17 சரியானால் தேறலாம். பிரித்தானியத் தேர்வில் 24 கேள்விகள்; 45 நிமிடம்; 18 சரியாக வேண்டும். பிரித்தானியத் தேர்வு கணினித் திரையிலேயே எழுதப்படுவது. அப்படியிருக்க, பயிற்சிக் கேள்விகளின் பக்கத்திலேயே விடையையும் அச்சிட்டு வைப்பது கற்பவரை ஏமாற்றுவதாகும். விடை கண்ணிற் பட்டுக்கொண்டே இருந்தால் எல்லாம் தெரிந்தது போன்ற மயக்கம் வரும். முதலிற் கேள்வி, பின்னர் யோசிக்க இடம், பக்கத்தின் அடியிலோ அடுத்த திரையிலோ விடையும், அது ஏன் சரி என்ற ஒரு வரியும்.

காணொளிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். வணக்கமும் வரவேற்பும் இசையுமாக முதல் ஐந்து நிமிடம் கழியும் பாடங்கள் பல. முகாமில் முன்பணம் கட்டிய அட்டையில் இணையம் பார்ப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. பேச்சு நடக்கும்போது பின்னணி இசை வேண்டாம். ஒரு காணொளிக்கு ஒரு பொருள் போதும். அதிற் சொன்னதை அரைப் பக்க எழுத்தாகவும் கீழே கொடுத்துவிட்டால், காணொளி ஓடாத இடத்திலும் பாடம் ஓடும்.

இரண்டு மறுப்புகள்

'உள்ளடக்கம் நன்றாக இருந்தாற் போதும். சட்டை எப்படி இருந்தால் என்ன?' என்று கேட்போர் உளர். சோறு நன்றாகவே வெந்திருக்கலாம். எட்டாத உறியில் வைத்தால் பிள்ளை பட்டினிதான். உள்ளடக்கத்தை அறிந்த ஆசிரியருக்கு அதன் அமைப்பின் கோணல் தெரிவதில்லை. அவர் எப்படி வைத்தாலும் வாசித்துவிடுவார். தெரியாதவனுக்கே அமைப்பு வேண்டும். தெரியாதவனுக்காகத்தான் பாடமும் எழுதப்படுகிறது.

'நாங்கள் தொண்டர்கள், இதற்கெல்லாம் நேரம் எங்கே?' என்பது மற்றையது. இதில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயின் நாம் மேலே கூறியவற்றுட் பெரும்பகுதி, செய்வதைக் குறைப்பதே. அலங்காரத்தை விடுதல், இசையை நிறுத்துதல், நாலு நிறத்தை இரண்டாக்குதல், நீண்ட முன்னுரையை வெட்டுதல்: இவற்றுக்கு மேலதிக நேரம் தேவையில்லை. ஒரே பாடத்தைப் பத்து நகரங்களிற் பத்துப் பேர் தனித்தனியே அரைகுறையாகச் செய்வதை விட, பாடசாலைகள் கூடிப் பேசி ஒரே மாதிரிப் பக்கத்தை அமைத்து, எல்லோரும் அதிலே எழுதினால் உழைப்பும் மிச்சமாகும். பிள்ளையும் ஒவ்வொரு பாடத்துக்கும் புதிதாக வழி தேட வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சோதனையை நாம் பரிந்துரைக்கிறோம். பாடத்தை வெளியிடுமுன், அந்தப் பொருளை அறியாத ஒருவரிடம் அதனைக் கொடுங்கள். கணினியில் வேண்டாம், கைத்தொலைபேசியிற் கொடுங்கள். அருகில் அமர்ந்து, வாய் திறவாமற் பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எங்கே பின்னோக்கிப் போகிறார், எங்கே கண்ணைச் சுருக்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல உங்கள் நா துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லத் துடித்த அந்த வாக்கியமே பாடத்தில் விடுபட்டுப்போன வாக்கியம். அதனை எழுதிச் சேர்த்த பின்னர் வெளியிடுங்கள்.

ஊரை விட்டு வந்தபோது நாம் காணியையும் வீட்டையும் விட்டு வந்தோம். கற்கும் பழக்கத்தை விட்டு வரவில்லை. மண்ணெண்ணெய் விளக்கிலும் பதுங்கு குழியிலும் படித்து வந்த சமூகம் இது. படிப்பதற்கு எம்மவரிடம் மனமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. கற்பிக்க முன்வருவோருக்கும் குறைவில்லை. இந்த இரு சாராருக்கும் இடையே நிற்பது ஒரு சாணளவுத் திரை மட்டுமே. அதில் ஏற்றும் ஒவ்வொரு பக்கத்தையும், கடைசித் தொடருந்தில் அமர்ந்திருக்கும் அந்த ஒருவரை மனத்திற் கொண்டு எழுதுவோமாக. இறங்கும் தரிப்பிடம் வருமுன் அவர் ஒரு வாக்கியத்தையேனும் தமதாக்கிக்கொண்டு இறங்கினால், மறுநாள் இரவும் அவர் அந்தப் பாடத்தைத் திறப்பார்.